தூக்கிய கை தூக்கியபடியே நின்றால்: கேட்டடோனியா கேள்வி-பதில்

மனநலப் பகுதிக்கு பெங்களூரு வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பல இந்த முறை, பேச்சும் அசைவும் உறைந்துபோகும் கேட்டடோனியாவைப் பற்றியே இருந்தன. மனநல மருத்துவர்கள் குழு பதில் எழுதியிருக்கிறது. கேட்டவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: என் தம்பிக்கு 22 வயது. யாரோ காதுக்குள் பேசுகிறார்கள் என்று ஒரு வருடமாகவே சொல்லிக்கொண்டிருந்தான். இப்போது நான்கு நாளாக ஒரு வார்த்தை பேசவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சுவரையே பார்க்கிறான். சோறு இறங்கவில்லை, தண்ணீர் ஒன்றிரண்டு வாய்தான். சட்டை மாற்றக் கையைத் தூக்கினால், அந்தக் கை அப்படியே அந்தரத்தில் நிற்கிறது. காற்று கருப்பு பட்டிருக்கிறது, குணசீலம் கோயிலுக்கு அழைத்துப்போய் ஒரு மண்டலம் தங்கவைக்கலாம் என்கிறார் அப்பா. என்ன செய்வது?
- ஒரு வாசகி, ஸ்ரீராமபுரம்

இதழ் அச்சாகும்வரை காத்திருக்க முடியாத கேள்வி என்பதால் உங்களுக்கு உடனே பதில் அனுப்பிவிட்டோம். இதே நிலையில் இருக்கும் மற்ற குடும்பங்களுக்காக இங்கேயும் எழுதுகிறோம்: இன்றே மருத்துவமனைக்கு அழைத்துப்போங்கள். வேண்டுதலை உடம்பு தேறிய பிறகு நிறைவேற்றிக்கொள்ளலாம். சோறு தண்ணீர் இறங்காத உடம்பு 48 நாள் தாங்காது. ஐந்தாவது நாளைத் தாங்குவதே கஷ்டம்.

நீங்கள் எழுதியிருப்பது கேட்டடோனியாவின் அடையாளங்களோடு அப்படியே பொருந்துகிறது. பேச்சு நின்றுபோவது, கண் விழித்திருந்தும் அசைவில்லாமல் இருப்பது, வைத்த நிலையிலேயே கைகால் நிற்பது, வாயைத் திற என்றால் இன்னும் இறுக மூடிக்கொள்வது, நாம் சொன்னதையே திருப்பிச் சொல்வது, காரணமில்லாமல் முகத்தைக் கோணுவது, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது எல்லாம் இதில் சேரும். சிலருக்கு நேர்மாறாக, எந்த நோக்கமும் இல்லாத பரபரப்பு வரும். எதையாவது உடைப்பார், ஓடுவார், அரை மணியில் மறுபடி உறைந்துவிடுவார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2013 வரையறை மொத்தம் 12 அடையாளங்களைச் சொல்கிறது. அதில் மூன்று இருந்தாலே கேட்டடோனியா.

பரிசோதனை எப்படி நடக்கும் என்று தெரிந்திருந்தால் பக்கத்தில் நிற்கும்போது மிரள மாட்டீர்கள். மருத்துவர் பேசிக்கொண்டே தன் தலையை மிகையாகச் சொறிந்துகொள்வார். நோயாளியும் சொறிகிறாரா என்று பார்ப்பதற்காக. கையை மெதுவாகவும் வேகமாகவும் மாற்றி மாற்றி மடக்கிப் பார்ப்பார். தன் கையை நீட்டி, "என் கையைக் குலுக்காதீர்கள்" என்பார். கேட்டடோனியாவில் இருப்பவரின் கை பாதிவழி வந்து, பின்வாங்கி, மறுபடி வந்து தடுமாறும். சட்டைப்பைக்குள் கைவிட்டு, "நாக்கை நீட்டுங்கள், குண்டூசியால் குத்தப்போகிறேன்" என்றும் சொல்வார். யாரும் குத்தப்போவதில்லை. அப்படிச் சொல்லியும் நாக்கை நீட்டுகிறாரா என்பதுதான் சோதனை. இவையெல்லாம் 1996இல் வெளியான புஷ்-ஃபிரான்சிஸ் அளவுகோலில் உள்ளவை. 23 அடையாளங்களுக்கு மதிப்பெண் போட்டு வைத்துக்கொண்டால், மருந்து கொடுத்தபின் எவ்வளவு குறைந்தது என்று ஒப்பிட முடியும்.

எங்கே போவது? ஓசூர் ரோட்டில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் அவசரப் பிரிவு 24 மணி நேரமும் உண்டு. ஆனால் காய்ச்சல், மூச்சுவாங்குதல், ஒரு கால் மட்டும் வீங்குதல், எட்டு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் போகாமை ஆகியவற்றில் ஏதாவது இருந்தால், ஐ.சி.யு. உள்ள பொது மருத்துவமனையின் கேஷுவாலிட்டிக்கே முதலில் போங்கள். எங்கே போவதென்று குழம்பினால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416ஐ அழையுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

கையோடு ஒரு தாளில் இவற்றை எழுதி எடுத்துப்போங்கள்: பேச்சு எந்தத் தேதியில் நின்றது, கடைசியாக எப்போது சாப்பிட்டார், எப்போது சிறுநீர் போனது, இதுவரை என்னென்ன மாத்திரை, அதில் எதையாவது திடீரென நிறுத்தினீர்களா, கஞ்சா பழக்கம் உண்டா, வலிப்பு வந்ததா, தலையில் அடிபட்டதா. பெண் என்றால் சமீபத்தில் பிரசவம் ஆனதா. மாத்திரை அட்டைகளை அப்படியே பையில் போட்டு எடுத்துப்போவது இன்னும் நல்லது. விவரம் தெரிந்தவரே கூடப் போங்கள். கன்னடம் நன்றாக வரும் என்பதற்காக, ஒன்றும் தெரியாத உறவினரை அனுப்பி வைக்காதீர்கள்.

கேள்வி: அசையாமல் விறைத்துக் கிடப்பவனுக்குத் தூக்க மாத்திரையை ஊசியாகப் போடுகிறார்களே, இது என்ன வைத்தியம்?
- ஒரு வாசகர், அல்சூர்

பார்க்க விசித்திரமாகத்தான் இருக்கும். கேட்டடோனியாவில் மூளை ஓய்வில் இல்லை. அசைவைத் தொடங்கும் பாதைகளும் நிறுத்தும் பாதைகளும் பூட்டிக்கொண்ட நிலை அது. மூளையில் காபா என்ற வேதிப்பொருளின் வேலை குறைந்திருப்பது இதற்கு ஒரு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. நீங்கள் சொல்லும் தூக்க மருந்தான லோராசெபாம் அந்த காபாவின் வேலையைக் கூட்டுகிறது. நம்மைத் தூங்கவைக்கும் அளவு மருந்து இவர்களை எழுப்பி உட்காரவைக்கிறது.

முதலில் சோதனையாக 1 அல்லது 2 மில்லிகிராம் கொடுப்பார்கள். நரம்பு வழியாக மெதுவாகச் செலுத்தினால் ஐந்து முதல் பத்து நிமிடத்தில், தசையில் போட்டால் கால் மணியில், மாத்திரையாகக் கொடுத்தால் அரை மணியில் மறுபடி மதிப்பெண் போடுவார்கள். பாதியாகக் குறைந்தால் மருந்து பிடிக்கிறது என்று அர்த்தம். நாலு நாள் வாய் திறக்காதவர் பத்தாவது நிமிடத்தில் "தண்ணி" என்று கேட்பதுண்டு. முதல் ஊசியில் மாற்றம் இல்லாவிட்டால் இன்னொன்று போட்டுப் பார்ப்பார்கள். அதிலும் ஒன்றும் நடக்காவிட்டால் கேட்டடோனியா இல்லை என்று முடிவுகட்ட மாட்டார்கள். ஸ்கிசோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோயோடு வரும் கேட்டடோனியா, அதுவும் மாதக்கணக்கில் நீடித்தது, மனச்சோர்வோடு வருவதைப் போல லோராசெபாமுக்குச் சட்டென்று இளகுவதில்லை.

பெரும்பாலும் குடும்பங்கள் சறுக்குவது இதற்கடுத்த கட்டத்தில்தான். ஊசி போட்டதும் பேசினான், சாப்பிட்டான், சரியாகிவிட்டது என்று வீட்டுக்குக் கூட்டிவந்துவிடுகிறார்கள். அந்த ஊசியின் வேலை சில மணி நேரத்துக்குத்தான். மறுநாள் காலை பழையபடி உறைந்திருப்பான். தொடர்ந்து நாளுக்கு மூன்று நான்கு வேளையாக மொத்தம் 6 முதல் 8 மில்லிகிராம் வரை கொடுக்க வேண்டியிருக்கும். சிலருக்கு 16, அபூர்வமாக 24 வரைகூடப் போகும். இந்த அளவு மருத்துவமனையில் மட்டுமே, மூச்சையும் ஆக்சிஜன் அளவையும் கவனித்தபடி. ஆஸ்துமா போன்ற நுரையீரல் நோய் உள்ளவர்கள், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பழக்கமாகிவிடும் என்று பயந்து வீட்டில் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இந்த வகை மருந்தைத் திடீரென நிறுத்துவதே சிலருக்கு கேட்டடோனியாவைக் கொண்டுவந்துவிடும். வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதுதான் முறை. எந்த அளவில் பேச்சு மறுபடி குறைகிறது என்று குறித்து வைத்தால் மருத்துவருக்குப் பெரிய உதவி.

கேள்வி: என் அக்கா மகன் முரண்டு பிடித்ததால் பக்கத்து நர்சிங் ஹோமில் ஹாலோபெரிடால் ஊசி போட்டார்கள். இரண்டு நாளில் உடம்பு மரக்கட்டை போல ஆகி, 103 டிகிரி காய்ச்சல். ஐ.சி.யு.வில் வைத்துப் பிழைத்தான். மனநோய்க்கான மருந்தே மனநோயாளிக்கு எப்படிக் கெடுதல் ஆகும்?
- ஒரு வாசகி, பொம்மனஹள்ளி

அந்தப் பையன் தப்பித்தது பெரிய விஷயம். மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளைத் தடுக்கும் மருந்துகள், குறிப்பாக ஹாலோபெரிடால் போன்ற பழைய, வீரியமானவை, கேட்டடோனியா உச்சத்தில் இருக்கும்போது போட்டால் நியூரோலெப்டிக் மாலிக்னன்ட் சிண்ட்ரோம் என்ற ஆபத்தில் கொண்டுவிடலாம். எல்லாருக்கும் வராது. ஆனால் உடம்பில் நீர் வற்றியவர்கள், இரும்புச்சத்து குறைந்தவர்கள், அடுத்தடுத்து ஊசி போடப்பட்டவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு கூடுதல்.

காய்ச்சல், விறைப்பு, வியர்த்துக்கொட்டுதல், ரத்த அழுத்தம் ஏறி இறங்குவது, குழப்பம் எல்லாம் சேர்ந்து வரும். விறைத்த தசைகள் சிதைந்து, ரத்தத்தில் சி.பி.கே. என்ற நொதி ஆயிரக்கணக்கில் ஏறும். சிறுநீர் கறுத்த டீ டிகாக்‌ஷன் நிறத்தில் போனால் சிறுநீரகம் பாதிக்கப்பட ஆரம்பித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மருந்தை அப்போதே நிறுத்தி, சலைன் ஏற்றி, உடம்பைக் குளிரவைத்து, ஐ.சி.யு.வில் பார்க்க வேண்டும். மருந்தே கொடுக்காமல் கேட்டடோனியாவே இப்படிக் காய்ச்சலாக முற்றுவதும் உண்டு. இரண்டையும் பிரித்தறிவது கடினம், உடனடி சிகிச்சை கிட்டத்தட்ட ஒன்றுதான்.

அடிப்படையில் ஸ்கிசோஃப்ரினியா இருந்தால் மனநோய் மருந்து பின்னால் தேவைப்படும். வரிசைதான் முக்கியம்: முதலில் நீர்ச்சத்து, லோராசெபாம், தேவையென்றால் ஈ.சி.டி. (ஷாக் எனப்படும் மின்அதிர்வு சிகிச்சை). உறைநிலை இளகிய பிறகு, லோராசெபாமைத் தொடர்ந்தபடியே, அரிப்பிப்ரசோல் போன்ற மென்மையான மருந்தைக் குறைந்த அளவில். உங்கள் அக்கா மகனுக்கு ஒருமுறை இந்த விபரீதம் வந்துவிட்டதால், குறைந்தது இரண்டு வாரம் இடைவெளி விட்ட பிறகே மறு முயற்சி. "ஹாலோபெரிடால் ஆகாது" என்று தேதியோடு ஒரு அட்டையில் எழுதி அவர் பர்ஸிலேயே வைத்துவிடுங்கள்.

கேள்வி: ஷாக் ட்ரீட்மென்ட் கொடுக்கலாம் என்கிறார்கள். கையெழுத்துப் போடக் கை வரவில்லை. மூளை மழுங்கிவிடாதா?
- ஒரு தாய், விவேக்நகர்

உங்கள் தயக்கம் புரிகிறது. கட்டிப்போட்டு, துள்ளத் துடிக்க மின்சாரம் பாய்ச்சுவதாகத்தான் சினிமா காட்டியிருக்கிறது. இன்று நடப்பது வேறு. மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் ஈ.சி.டி. கொடுப்பதை 2017ஆம் ஆண்டு மனநல மருத்துவச் சட்டம் தடை செய்திருக்கிறது.

ஒரு வேளை சிகிச்சை எப்படி நடக்கும் என்று சொல்கிறோம். முதல் நாள் ரத்தம், ஈ.சி.ஜி., மயக்க மருந்து நிபுணரின் பரிசோதனை. முந்தின இரவு தலைக்குக் குளிப்பாட்டிவிடுங்கள், எண்ணெய் வைக்காதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மின்முனை தோலில் சரியாகப் படியாது. நள்ளிரவுக்குப் பின் சாப்பாடு கூடாது. பசிக்குமே என்று விடிகாலையில் ஒரு வாய் காபி கொடுக்கும் தாய்மார் உண்டு. மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து, தயவுசெய்து வேண்டாம். ஆடும் பல், கட்டுப்பல் இருந்தால் சொல்லுங்கள். நரம்பில் மயக்க மருந்து ஏறியதும் மகன் தூங்கிவிடுவார். பிறகு தசை தளர்த்தும் மருந்து, மூச்சுக்கு ஆக்சிஜன், பற்களுக்கு நடுவே ரப்பர் தாங்கி. மின்சாரம் பாய்வது சில நொடிகள்தான். அது தூண்டும் வலிப்பு 20 முதல் 60 நொடி மூளைக்குள் ஓடும். வெளியே விரல் நுனி அசைவதுதான் தெரியும். சிகிச்சை அந்த வலிப்பில்தான் இருக்கிறது, மின்சாரம் வெறும் தீப்பொறி. கால் மணியில் விழிப்பார், அரை மணி ஒரு மணி நேரம் குழப்பமாக இருக்கும். வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை, மொத்தம் 6 முதல் 12 முறை. கேட்டடோனியாவில் இரண்டாவது மூன்றாவது முறையிலேயே கண்ணில் அசைவு தெரிவது சகஜம். அதைப் பார்த்ததும் போதும் என்று நிறுத்தினால் பழையபடி திரும்பிவிடும்.

பக்கவிளைவு இல்லாமல் இல்லை. தலைவலி, உடம்புவலி ஒரு நாள் இருக்கும். ஞாபகக் குறைவும் நிஜம். சிகிச்சை நடக்கும் வாரங்களும் அதற்குச் சற்று முந்தைய நாட்களும் மங்கலாகிவிடும். பெரும்பாலோருக்கு புதிதாகக் கற்றுக்கொள்ளும் திறன் சில வாரங்களில் திரும்பிவிடுகிறது. சில நாட்களின் நினைவு மட்டும் சிலருக்குத் திரும்புவதே இல்லை. இதைத் தெரிந்துகொண்டே நீங்கள் முடிவெடுக்க வேண்டும். எங்கள் கருத்தைக் கேட்டால், லோராசெபாம் மூன்று முதல் ஐந்து நாளில் வேலை செய்யாவிட்டாலோ, காய்ச்சல் இருந்தாலோ, சாப்பாடு இறங்காவிட்டாலோ ஈ.சி.டி.யைத் தள்ளிப்போடுவதுதான் பெரிய ஆபத்து.

மருத்துவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று, லோராசெபாம் வலிப்பைத் தடுக்கும் என்பதால் ஈ.சி.டி. அன்று காலை அதை என்ன செய்யப்போகிறீர்கள்? இரண்டு, நெடுநாள் அசையாமல் கிடந்தவருக்கு வழக்கமான தசைத் தளர்த்தி ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றிவிடலாமே, அளவு பார்த்தீர்களா? இரண்டுக்கும் அவர்களிடம் வழி உண்டு. கேட்பதில் தவறே இல்லை.

மகன் 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் காப்பாளரின் கையெழுத்து மட்டும் போதாது. மனநல மறுஆய்வு வாரியத்தின் முன் அனுமதியும் வேண்டும்.

கேள்வி: டிஸ்சார்ஜ் சம்மரியில் எஃப் 20.2 என்று போட்டிருக்கிறது. இன்னொரு மருத்துவர், கேட்டடோனிக் ஸ்கிசோஃப்ரினியா என்ற வகையே இப்போது கிடையாது என்கிறார். யாரை நம்புவது?
- ஒரு வாசகர், ஒயிட்ஃபீல்ட்

இருவரும் சொல்வது சரிதான். எஃப் 20.2 என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாவது நோய்ப் பட்டியலில் அந்த வகைக்கு உள்ள எண். 1874இல் ஜெர்மன் மருத்துவர் கால்பாம் இந்த உறைநிலையைத் தனி நோயாக விவரித்தார். பின்னால் வந்த கிரேப்ளின் அதைக் கொண்டுபோய் இன்று ஸ்கிசோஃப்ரினியா எனப்படும் நோய்க்குள் அடக்கினார். அதனால் நூறு வருடத்துக்கு மேலாக, கேட்டடோனியா என்றாலே ஸ்கிசோஃப்ரினியா என்று முத்திரை குத்தும் வழக்கம் இருந்தது. உண்மையில் மனச்சோர்வு, இருமுனைக் கோளாறு உள்ளவர்களிடமே இது அதிகம். 2022இல் நடைமுறைக்கு வந்த பதினோராவது பட்டியல் கேட்டடோனியாவைத் தனியாகவே வைத்திருக்கிறது.

உங்களுக்கு இதில் காரியமான விஷயம் ஒன்று உண்டு. அடிப்படை நோய் எது என்று தேடினார்களா? சோடியம், சர்க்கரை, தைராய்டு, பி12, மூளை எம்.ஆர்.ஐ., வெளியே தெரியாத வலிப்பைக் கண்டுபிடிக்க ஈ.ஈ.ஜி. ஆகியவை பார்க்கப்பட்டிருக்க வேண்டும். திடீரென்று தொடங்கி, வலிப்பும் வாய் கோணுதலும் சேர்ந்து வந்த இளம்பெண் என்றால், முதுகுத்தண்டு நீரில் என்.எம்.டி.ஏ. எதிர்ப்பணுச் சோதனையும் செய்ய வேண்டும். அந்தச் சோதனை தேடுவது 2007இல்தான் அடையாளம் காணப்பட்ட ஒரு மூளை அழற்சியை. சிலருக்குச் சினைப்பையில் உள்ள கட்டியே மூலகாரணமாக இருக்கும். அதை எடுத்தால்தான் நோய் தீரும்.

கேள்வி: படுத்தே கிடக்கிறார். ஸ்பூனால் கஞ்சி ஊற்றலாமா?
- ஒரு வாசகி, சிவாஜிநகர்

படுத்த நிலையில் ஒரு சொட்டுகூட வேண்டாம். உட்காரவைத்து, தலையைச் சற்று முன்னால் சாய்த்து, ஒரு ஸ்பூன் கொடுத்துப் பாருங்கள். தொண்டை அசைந்து விழுங்குகிறாரா என்று பார்த்துத்தான் அடுத்த ஸ்பூன். வாயிலேயே தங்கினால், இருமினால் நிறுத்திவிடுங்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊற்றினால் நிமோனியாவில்தான் முடியும்.

மருத்துவமனையில் மூக்குக் குழாய் வழியாகக் கொடுப்பார்கள். அங்கேயும் முதல் நாளே வயிறு நிறையக் கொடுக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். பல நாள் பட்டினி கிடந்த உடம்பில் திடீரென உணவு சேர்ந்தால் பாஸ்பேட், பொட்டாசியம் சரிந்து இதயமே தடுமாறும். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் ஊசி போடுவதும் இதுபோன்ற ஒரு காரணத்துக்குத்தான்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவையுங்கள், குதிகால், இடுப்பு, முதுகுத்தண்டு முனை சிவந்திருக்கிறதா பாருங்கள். ஒரு நாளைக்குப் பல முறை கணுக்கால், முழங்காலை மெதுவாக மடக்கி நீட்டுங்கள். கெண்டைக்கால் ஒருபக்கம் வீங்கினால் தேய்க்காதீர்கள். அது ரத்தக்கட்டாக இருக்கலாம், தேய்த்தால் நகர்ந்து நுரையீரலில் போய் அடைக்கும்.

கேள்வி: நாம் பேசுவது அவருக்குக் கேட்குமா?
- ஒரு வாசகர், ஜெயநகர்

கேட்கும். பலர் குணமான பிறகு, படுக்கையைச் சுற்றி யார் என்ன சொன்னார்கள் என்று சொல்கிறார்கள். தாங்க முடியாத பயத்தில் இருந்ததாகவும் சொல்கிறார்கள். "நடிக்கிறான்", "இவனால் குடும்பமே நாசம்" என்பதையெல்லாம் அந்த அறையில் பேசாதீர்கள். ஊசி போடும் முன், உடை மாற்றும் முன், என்ன செய்யப்போகிறீர்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

கேள்வி: பேசவே முடியாதவரிடம் சம்மதம் வாங்குவது எப்படி? திரும்ப வந்தால் என்ன செய்வது?
- ஒரு வாசகி, மர்ஃபி டவுன்

அவசரத்தில் உயிரைக் காக்க, நியமனப் பிரதிநிதி (நோயாளியின் சார்பில் முடிவெடுப்பவர்) கிடைத்தால் அவரின் ஒப்புதலோடு, எந்தப் பதிவுபெற்ற மருத்துவரும் 72 மணி நேரம் வரை சிகிச்சை தரலாம். சட்டத்தின் அந்த அவசரகாலப் பிரிவின் கீழ் ஈ.சி.டி. மட்டும் கொடுக்க முடியாது. அதற்கு முறைப்படி சேர்க்கை வேண்டும். இரண்டு நிபுணர்கள் தனித்தனியாகப் பரிசோதித்த பிறகு, நியமனப் பிரதிநிதியின் விண்ணப்பத்தில் 30 நாள் வரை சேர்க்கலாம். நோயாளியால் முடிவெடுக்க முடியாதவரை பிரதிநிதியே சம்மதம் தருவார். முடிவெடுக்கும் திறன் திரும்பிவிட்டதா என்று ஏழு நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். அவர் நன்றாக இருக்கும்போதே, வெள்ளைத்தாளில் கையெழுத்திட்டுப் பிரதிநிதியை அவரே நியமித்துவைக்கலாம். அடுத்த முறை எந்த மருந்து வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டிய விருப்ப ஆவணமும் எழுதிவைக்கலாம். முந்தைய முறை எத்தனை மில்லிகிராமில் இளகியது, எத்தனை ஈ.சி.டி. ஆனது என்பதும் அதில் இருக்கட்டும்.

திரும்ப வருவது உண்டு. மாத்திரையை விடுவதுதான் அடிக்கடி காணும் காரணம். குளோசபைன் சாப்பிடுபவர் அதைத் திடீரென நிறுத்தினால் நாட்களிலேயே கேட்டடோனியா வரலாம். மற்ற மருந்துகள் பலன் தராதபோது கொடுக்கும் நல்ல மருந்து அது. முதல் 18 வாரம் வாராவாரம் வெள்ளையணு எண்ணிக்கை பார்க்க வேண்டும், மலச்சிக்கலை அலட்சியம் செய்யக் கூடாது. ஊருக்குப் போகும்போது மாத்திரைப் பையை மறந்துவிட்டு, இரண்டு நாளுக்கு மேல் விட்டுப்போனால், பழைய அளவைத் தானாகத் தொடங்காமல் மருத்துவரைக் கேளுங்கள்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை சின்னச் சின்ன மாற்றங்கள்தான். குளிக்கப் போனவர் குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நிற்பது, தட்டுக்கும் வாய்க்கும் நடுவே கை நின்றுபோவது, கேட்ட கேள்விக்கு ஒரு நிமிடம் கழித்து பதில் வருவது. இதில் ஏதாவது தெரிந்தால் அன்றைக்கே மருத்துவருக்கு போன் செய்யுங்கள், சாப்பாடு நிற்கும்வரை காத்திருக்க வேண்டாம்.